முத்தத்தை விடுங்கள், மறுநாள் காலையைக் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொஞ்ச நாளாக உங்கள் வாசகர் பக்கத்தில் ஒரே விஷயம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் காதலிப்பதையும் கட்டிப்பிடிப்பதையும் முத்தம் கொடுப்பதையும் சினிமாவிலும் ஓடிடியிலும் காட்டுகிறார்கள், சமுதாயம் கெட்டுப்போகிறது, சென்சார் போர்டு தூங்குகிறதா என்று ஒருவர் எழுத, மறுநாள் இன்னொருவர் படைப்புச் சுதந்திரம் என்று பதில் எழுத, அதற்கும் அடுத்த நாள் ஒரு பெரியவர், எங்கள் காலத்தில் இரண்டு பூக்கள் முட்டிக்கொள்வதோடு நாகரிகமாக நிறுத்திக்கொண்டார்களே என்று பெருமூச்சு விடுகிறார். மூவருமே திரையில் எவ்வளவு தெரிகிறது என்பதைத்தான் அளந்துகொண்டிருக்கிறார்கள். நான் சென்னையில் போக்சோ (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம்) வழக்குகளில் ஆஜராகும் வக்கீல். எனக்கு அந்தக் காட்சி உறுத்தவில்லை. அதை எந்த இடத்தில் வெட்டிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போகிறார்கள் என்பதுதான் உறுத்துகிறது.

சினிமா 'சுபம்' போடும் இடத்தில்தான் எங்களுக்குக் கேஸ் கட்டே ஆரம்பிக்கிறது. 1981-ல் பாரதிராஜா எடுத்த 'அலைகள் ஓய்வதில்லை'யை எடுத்துக்கொள்ளுங்கள். கார்த்திக், ராதா இருவருக்கும் முதல் படம். பையன் பூணூலை அறுத்துப் போடுகிறான், பெண் சிலுவையைக் கழற்றிப் போடுகிறாள், இருவரும் ஊரைவிட்டு நடக்கிறார்கள். சாதியையும் மதத்தையும் அப்படித் தூக்கிப் போட அன்றைக்குத் துணிச்சல் வேண்டும், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த இரண்டு பிள்ளைகளும் அன்று ராத்திரி எங்கே படுத்தார்கள்? காலையில் டீ குடிக்க யாரிடம் காசு இருந்தது? பெண்ணின் பள்ளிச் சான்றிதழ் யாரிடம்? நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, நம் சினிமா இன்னும் அந்த மறுநாள் காலையைக் காட்டப் பயப்படுகிறது. முத்தம் காட்டும் தைரியம் வந்துவிட்டது, அதற்குப் பிறகு நடப்பதைக் காட்டும் தைரியம்தான் வரவில்லை.

என்ன நடக்கும் என்று நானே சொல்கிறேன். பெண்ணுக்கு 17, பையனுக்கு 19 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேரும் ஒரு மாலை கோயம்பேட்டில் பஸ் ஏறுகிறார்கள். பெண்ணின் அப்பா காவல் நிலையத்தில் 'காணவில்லை' என்று புகார் கொடுக்கிறார். பிள்ளைகள் இரண்டு மூன்று நாளில் கிடைத்துவிடுவார்கள், செல்போன் டவர் காட்டிக்கொடுத்துவிடும். அதற்குள் எங்காவது ஒரு கோயிலில் தாலி கட்டியிருப்பார்கள். படத்தில் என்றால் நண்பர்கள் நாலு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட, ரிஜிஸ்டர் ஆபீஸில் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். (பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 ஆகியிருக்க வேண்டும் என்பதும், சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் முன்னறிவிப்பு ஒட்டவேண்டும் என்பதும் நம் கதாசிரியர்களுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை போல.) நிஜத்தில் அந்தத் தாலியே 2006-ஆம் ஆண்டு குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தில் இன்னொரு குற்றமாகக் கேஸ் கட்டோடு சேர்ந்துகொள்ளும்.

அப்புறம் மருத்துவப் பரிசோதனை. அப்புறம் மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம். "நான்தான் கூட்டிக்கொண்டு போகச் சொன்னேன், அவர் என்னை ஒன்றும் கட்டாயப்படுத்தவில்லை" என்று பெண் சொல்வாள், நேராக நிமிர்ந்து உட்கார்ந்து சொல்வாள். அது பதிவாகும். ஆனால் 18 வயதுக்குக் கீழ் சம்மதம் என்ற ஒன்றே சட்டத்தில் கிடையாது. 2012 நவம்பரில் போக்சோ சட்டம் அமலுக்கு வரும்வரை அந்த வயது 16 ஆக இருந்தது, இப்போது 18. உறவு இருந்தது என்று ஆனால் குறைந்தபட்சம் 10 வருடம். பெண் கர்ப்பமாக இருந்தால் குறைந்தபட்சம் 20 வருடம். நீதிபதி மனது வைத்தாலும் அந்தக் குறைந்தபட்சத்துக்குக் கீழே இறங்க முடியாது. பையன் 19 என்பதால் புழல் சிறை. அவனுக்கும் 17 என்றால் சிறுவர்களை வைக்கும் கெல்லீஸ் கூர்நோக்கு இல்லம், சிறார் நீதிக் குழுமம். பெண்ணை குழந்தைகள் நலக் குழு முன்னால் நிறுத்துவார்கள். அப்பா அம்மாவோடு போகிறாயா என்று கேட்பார்கள், போகமாட்டேன் என்றால் 18 முடியும்வரை அரசு இல்லம். பிளஸ் டூ பரீட்சை நடுவில் வந்தால் அது அவள் கவலை.

இந்த இரண்டு பத்தியை நம் இயக்குநர்கள் யாராவது இரண்டு மணி நேரமாக எடுத்தால், நான் முதல் நாள் முதல் காட்சிக்கு டிக்கெட் வாங்கித் தருகிறேன்.

நான் இப்படி எழுதுவதால் பிள்ளைகளைப் பயமுறுத்தச் சொல்கிறேன் என்று நினைக்கவேண்டாம். பயமுறுத்தும் படம் வேறு வகை, அதுவும் நம்மிடம் உண்டு. பாலாஜி சக்திவேலின் 'காதல்' 2004-ல் வந்தபோது, ஓடிப்போன பிறகு என்ன ஆகிறது என்பதைக் காட்டிய படம் என்று எல்லாரும் கொண்டாடினோம். நியாயமான கொண்டாட்டம்தான். மதுரையில் பள்ளியில் படிக்கும் பெண், மெக்கானிக் பையன், சென்னைக்கு ஓடிவந்து மேன்ஷனில் தங்க இடம் தேடும் அந்தப் பகுதி இன்றைக்கும் எனக்கு நடுக்கம் தருகிறது. ஆனால் முடிவைக் கவனித்துப் பாருங்கள். பையன் மனம் பிறழ்ந்து தெருவில் திரிகிறான், பெண் வேறொருவர் மனைவியாகக் குழந்தையோடு வருகிறாள். படம் முடிந்து வெளியே வரும்போது நமக்கு அந்தப் பையன் மீது பரிதாபம், அந்தக் கணவனின் பெருந்தன்மை மீது மரியாதை. அவளுக்கு இடைப்பட்ட வருடங்களில் என்ன ஆனது? படிப்பு? கல்யாணத்துக்கு அவளைக் கேட்டார்களா? அந்த வருடங்கள் திரையில் இல்லை. என் அறையில் வந்து உட்காரும் பெண்கள் பெரும்பாலும் அந்த இடைப்பட்ட வருடங்களில்தான் இருக்கிறார்கள்.

ஒரு பெண்ணைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி. அவள் காதலன் மீது வழக்குப் போட்டது அவள் வீட்டார். பையன் ஜாமீனில் வெளியே வந்தான், இவள் 18 முடிந்து அவனையே கல்யாணமும் செய்துகொண்டாள், கையில் குழந்தை. வழக்கு மட்டும் அதன்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. வாய்தாவுக்கு வாய்தா, குழந்தையைத் தூக்கிக்கொண்டு, 'பாதிக்கப்பட்ட சிறுமி' என்று சம்மனில் போட்டிருக்க, தன் புருஷனுக்கு எதிரான சாட்சியாக அவளே வந்து நிற்பாள். இதில் என்ன கூத்து என்றால், புகார் கொடுத்த அப்பாவும் மனம் மாறிவிட்டார், அவரும் பேரனைத் தூக்கிக்கொண்டு வருவார். கடைசியில் உயர் நீதிமன்றத்தில் மனுப்போட்டு ரத்து செய்துகொண்டார்கள். எல்லாருக்கும் அது கிடைப்பதில்லை, அதற்கும் காசு வேண்டும், நல்ல வக்கீல் வேண்டும், நீதிபதிக்கும் அப்படித் தோன்றவேண்டும்.

நீதிமன்றங்களுக்கு இந்தச் சங்கடம் தெரியாமல் இல்லை. 2019-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி வி. பார்த்திபன், 'குழந்தை' என்பதற்கான வயதை 16 ஆக மாற்றுவதைப் பரிசீலிக்கலாம் என்று சொன்னார். 2021 ஜனவரியில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், காதலிக்கும் இளம் வயதினரைச் சிறைக்கு அனுப்புவது இந்தச் சட்டத்தின் நோக்கமாக இருக்க முடியாது என்று சொல்லி ஒரு வழக்கை ரத்து செய்தார். 2023 செப்டம்பரில் சட்ட ஆணையம், வயதைக் குறைக்கவேண்டாம், ஆனால் 16-லிருந்து 18-க்குள் உள்ளவர்கள் விஷயத்தில் தண்டனை கொடுப்பதில் நீதிபதிக்கு விருப்புரிமை இருக்கட்டும் என்றது. மேற்கு வங்கத்து வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போனது. கொல்கத்தா உயர் நீதிமன்றம் அந்த வழக்கில் ஆளை விடுதலை செய்துவிட்டு, கூடவே இளம் பெண்கள் ஆசையை அடக்கிக்கொள்ளவேண்டும் என்று உபதேசமும் செய்திருந்தது. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்த உபதேசத்தைக் கண்டித்து, ஆளைக் குற்றவாளி என்றது. அடுத்த மே மாதம் அதே உச்ச நீதிமன்றம் அவருக்குத் தண்டனை கொடுக்கவில்லை. காரணம், அந்தப் பெண்ணுக்குப் பெரிய வேதனை தந்தது அந்தக் குற்றம் அல்ல, அதற்குப் பிறகு போலீஸ், கோர்ட், கணவனை மீட்க ஓயாமல் போராடியது, இவைதான் என்று நீதிபதிகளே பார்த்துவிட்டார்கள். அந்த வழக்கில் பெண் வீட்டைவிட்டுப் போனபோது அவளுக்கு வயது 14, ஆளுக்கு 25. அது சின்னஞ்சிறுசுகளின் காதல் என்று நான் சொல்லமாட்டேன். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் குத்துகிற கதை, ஆனால் அதுதான் கதை.

அந்த 14-ம் 25-ம் தான் நம் சினிமாவில் எனக்குப் பெரிய பிரச்சினை. 17-ம் 18-ம் காதலிப்பது ஒன்று. வேலைக்குப் போகிற, மீசை வைத்த ஆள் இரட்டை ஜடை போட்ட ஸ்கூல் பெண்ணைப் பஸ் ஸ்டாப்பில் தினமும் நின்று பார்ப்பது வேறு. நம் திரை இரண்டையும் ஒரே பாட்டில், ஒரே புல்லாங்குழலில் காட்டுகிறது. முப்பது தாண்டிய கதாநாயகனே பள்ளிச் சீருடை போட்டுக்கொண்டு வந்துவிடுவதால் பார்ப்பவருக்கும் வித்தியாசம் மறந்துவிடுகிறது. அந்தப் பெண் முறைப்பாள், திட்டுவாள், வேறு வழியில் போவாள், இவன் அங்கேயும் நிற்பான், நண்பர்கள் சிரிப்பார்கள், இடைவேளைக்குள் அவளும் சிரித்துவிடுவாள். இந்தக் காட்சியில் முத்தம் இல்லை, தொடுதல் இல்லை, ஆகவே உங்கள் வாசகர் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. போக்சோ சட்டத்தின் 11-ஆவது பிரிவைக் கொஞ்சம் படித்துப் பாருங்கள். பாலியல் நோக்கத்தோடு ஒரு குழந்தையைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வதும், கண்காணிப்பதும், தொடர்புகொள்வதும் குற்றம், மூன்று வருடம்வரை சிறை. குடும்பத்தோடு பார்க்கக்கூடிய படம் என்று நாம் சொல்கிற பல படங்களின் முதல் பாதி அந்தப் பிரிவுக்குள் அப்படியே போய் உட்கார்ந்துவிடும்.

இந்த ஊருக்கு இது புதிதும் அல்ல. 1998-ல் எத்திராஜ் கல்லூரி மாணவி ஒருவர் ஈவ் டீசிங்கில் உயிரிழந்த பிறகுதான் தமிழ்நாட்டில் அதற்கென்று தனிச் சட்டமே வந்தது. 2016-ல் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஒரு பெண் வெட்டிக் கொல்லப்பட்டபோது சினிமாவில் துரத்திக் காதலிப்பதைப் பற்றிக் கொஞ்ச நாள் பேசினோம். 2022-ல் பரங்கிமலை ரயில் நிலையத்தில் கல்லூரி மாணவி ஒருத்தி ரயில் முன் தள்ளப்பட்டு இறந்தபோது மறுபடி கொஞ்ச நாள் பேசினோம். சினிமா பார்த்துத்தான் கொலை செய்தான் என்று நான் சொல்லமாட்டேன், எந்த வக்கீலும் அப்படி நிரூபிக்க முடியாது. ஆனால் 'அவள் மனசுக்குள்ள ஆசை இருக்கு, வெளியில சொல்லலை' என்று அக்யூஸ்ட் பையன்கள் என்னிடம் நம்பிக்கையோடு சொல்லும்போது, அந்த நம்பிக்கையை வீட்டில் யாரும் கற்றுக்கொடுத்திருக்கமாட்டார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

சரி, பெண்ணே தன் ஆசையை வெளியில் சொல்லும் படம் வந்தால்? 'பேட் கேர்ள்' டீசர் 2025 ஜனவரியில் வந்தபோது என்ன ஆனது என்று பார்த்தோமே. வர்ஷா பரத் என்ற பெண் இயக்கிய படம். டீன் ஏஜில் இருக்கும் ஒருத்தி தனக்கு ஒரு பாய்பிரண்ட் வேண்டும் என்று நினைக்கிறாள், அவ்வளவுதான் விஷயம். ஒரு சாதியை இழிவுபடுத்துகிறது, குழந்தைகளைத் தவறாகக் காட்டுகிறது என்று சண்டை, ஜூலையில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்த டீசரை யூடியூபிலிருந்து எடுக்கச் சொன்னது, செப்டம்பரில் படம் வந்தது. டீசரில் சிறுவர் சிறுமியரைக் காட்டிய விதம் பற்றிச் சட்டப்படி கேட்கவேண்டிய கேள்வி இருந்தது, அதை நான் மறுக்கவில்லை, நானே கேட்பேன். என் கேள்வி வேறு. பஸ் ஸ்டாப்பில் நிற்கும் மீசைக்காரருக்கு எதிராக இத்தனை வருடத்தில் யாராவது ஒருவர் மனு போட்டோமா? பையன் ஆசைப்பட்டால் பருவம், பெண் ஆசைப்பட்டால் பண்பாட்டுச் சீரழிவு.

'96' மாதிரி கண்ணியமாக எடுக்கலாமே என்று உங்கள் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். எனக்கும் பிடித்த படம். பள்ளியில் தொடங்கி இருபது வருடம் கழித்து சந்தித்தும் கிட்டத்தட்டத் தொடாமலேயே பிரிகிறார்கள், அழவும் அழுதேன். ஆனால் அதையே எல்லாருக்கும் அளவுகோலாக வைத்தால், தொட்டவர்களின் காதல் மட்டம் என்று ஆகிவிடும். கையைப் பிடித்துவிட்ட, முத்தம் கொடுத்துவிட்ட பிள்ளைகள் தாங்கள் அழுக்காகிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். அந்த வெட்கத்தில்தான் பிரச்சினை வரும்போது வீட்டில் சொல்லாமல் மறைக்கிறார்கள். போட்டோ வைத்து மிரட்டுகிறான் என்று ஒரு பெண் எங்களிடம் வரும்போது, வீட்டில் சொன்னாயா என்று கேட்டால் தலை ஆடாது. முத்தம் கொடுத்ததைச் சொல்லவேண்டி வருமே என்று பயந்து, அதைவிடப் பெரிய கொடுமையைப் பொறுத்துக்கொண்டிருப்பாள்.

பூ முட்டும் காலத்தை நினைத்து ஏங்கிய பெரியவருக்கு ஒரு வார்த்தை. ஐயா, அந்தப் பூக்களுக்கு அடுத்த காட்சியில் என்ன வரும் என்று உங்களுக்கும் தெரியும். கதாநாயகி வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடுவாள், ஒரு பாட்டி நாடி பிடித்துப் பார்ப்பாள், இடி இடிக்கும். நடுவில் யாரும் எதுவும் கேட்டதில்லை, யோசித்ததில்லை. ஆணுறை என்ற பேச்சு வந்தால் அது காமெடி டிராக்கில்தான் வரும். நிஜத்தில் சென்னை மருந்துக்கடையில் போய் அவசரக் கருத்தடை மாத்திரை கேட்டால், கடைக்காரர் மேலும் கீழும் பார்த்துவிட்டு இல்லை என்பார், கல்யாணமானவர்களுக்கே அதுதான் நிலை. பள்ளியில் இனப்பெருக்கப் பாடம் வந்தால் 'வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்' என்று தாண்டிப் போகும் ஆசிரியர்களும் உண்டு. வீட்டில் அந்த நேரத்தில் சேனலை மாற்றுவார்கள். பாட்டி நாடி பிடிக்கும் அந்தக் காட்சி இப்போது நடப்பது ஆஸ்பத்திரியில். 18-க்குக் கீழே என்று தெரிந்தால் டாக்டர் போலீசுக்குத் தகவல் சொல்லியே ஆகவேண்டும், சொல்லாவிட்டால் அவர் மீதே வழக்கு. அதற்குப் பயந்து பிள்ளைகள் ஆஸ்பத்திரி பக்கமே போகாமல் என்னென்னவோ செய்துகொள்கிறார்கள். 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், கருக்கலைப்புக்கு வரும் மைனர் பெண் கேட்டுக்கொண்டால் போலீசுக்கு அவள் பெயர், அடையாளத்தை டாக்டர் சொல்லவேண்டாம் என்றது. எத்தனை பெண்களுக்கு இது தெரியும்? ஒரு வெப் சீரிஸில் ஒரு டாக்டர் பாத்திரம் ஒரே ஒரு வசனமாகச் சொன்னாலே போதும், நான் வருடக்கணக்கில் பேசிச் சேர்க்க முடியாத இடத்துக்கெல்லாம் போய்ச் சேரும்.

கேமராவுக்கு முன்னால் நிற்கும் பிள்ளையைப் பற்றி இந்த விவாதத்தில் யாருமே பேசவில்லை என்பது எனக்கு ஆச்சரியம். கதையில் 16 வயதுப் பெண் என்றால் நடிப்பவருக்கு என்ன வயது? '16 வயதினிலே' 1977 செப்டம்பரில் வந்தபோது மயிலாக நடித்த ஸ்ரீதேவிக்கு 14 வயது. அதற்கு முந்தின வருடம் வந்த 'மூன்று முடிச்சு'வில் அவர் கதாநாயகி, அதுவும் கதைப்படி ரஜினிக்குச் சித்தி, அப்போது வயது 13. எவ்வளவு பெரிய நடிகை என்று வியந்தோமே தவிர, அந்தப் பிள்ளையிடம் அந்தக் காட்சிகளை யார், எப்படி விளக்கினார்கள் என்று கேட்டதில்லை. வெளிநாட்டிலும் இதே கதைதான். 1968-ல் வந்த 'ரோமியோ அண்ட் ஜூலியட்' படப்பிடிப்பில் காதலர்களாக நடித்த இருவருக்குமே 18 நிறையவில்லை. நிர்வாணக் காட்சிக்காக அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து எழுபது வயதைத் தாண்டி வழக்குப் போட்டார்கள், 2023-ல் கோர்ட் தள்ளுபடி செய்துவிட்டது.

நம் ஊரில் குழந்தை நட்சத்திரங்களுக்கு 2017-ல் விதிகள் வந்தன. ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, வருமானத்தில் 20 சதவீதமாவது குழந்தை பெயரில் டெபாசிட் போடவேண்டும், கலெக்டர் அனுமதி வேண்டும். நல்ல விதிகள், ஆனால் அந்தச் சட்டத்தில் குழந்தை என்றால் 14 வயது நிறையாதவர். காதல் காட்சிகளில் நடிக்க வைப்பது 15-லிருந்து 17 வரை உள்ள பெண்களை! அவர்களுக்கு அந்த 5 மணி நேரக் கணக்கும் கிடையாது, டெபாசிட்டும் கிடையாது. போக்சோவின் 13-ஆவது பிரிவு ஆபாசமாகப் பயன்படுத்தினால் பாயும், ஆனால் அந்த அளவுக்குப் போகாமல் தினமும் செட்டில் நடக்கும் சங்கடத்துக்கு யாரிடம் போவது? தடை கேட்கிறவர்கள் ஒன்று கேளுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். டீன் ஏஜ் பாத்திரத்தின் நெருக்கமான காட்சியில் 18 நிறைந்தவர்தான் நடிக்கவேண்டும், என்ன எடுக்கப்போகிறார்கள் என்பது முன்கூட்டியே காகிதத்தில் இருக்கவேண்டும், அதை மட்டுமே கவனிக்க ஒருவர் செட்டில் இருக்கவேண்டும். வெளிநாட்டில் அதற்கென்று ஆள் வைக்கிறார்கள், மும்பையிலும் சில பேர் அந்த வேலையில் வந்துவிட்டார்கள்.

இதே வீடுகளில்தான் டிவி டான்ஸ் போட்டியில் எட்டு வயதுக் குழந்தை இடுப்பை ஆட்டி, கண்ணடித்து, முழுக் காதல் பாட்டுக்கு ஆடும்போது விசில் அடிக்கிறோம். நடுவர் கண் கலங்குவார், அம்மா மேடைக்கு ஓடிவந்து கட்டிக்கொள்வார். 2019 ஜூனில் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம், குழந்தைகளை இப்படி ஆடவிடாதீர்கள் என்று சேனல்களுக்கு ஓர் அறிவுரைக் கடிதமே அனுப்பியது. உங்கள் வாசகர் பக்கத்தில் அதைப் பற்றி ஒரு கடிதம் வந்ததாக எனக்கு நினைவில்லை.

சான்றிதழ் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சென்சார் போர்டு தூங்குகிறது என்பதும் பாதி உண்மைதான். 2023 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு யு/ஏ சான்றிதழை 7+, 13+, 16+ என்று பிரித்துவிட்டார்கள். ஆனால் அது பெற்றோருக்குச் சொல்லும் யோசனை மட்டும், ஏ சான்றிதழ் மாதிரி தியேட்டரில் வாசலில் நிறுத்த முடியாது. ஓடிடிக்கு சென்சாரே கிடையாது, 2021 விதிகளின்படி அவர்களே வயதைப் போட்டுக்கொள்ளவேண்டும், பூட்டு வைக்கவேண்டும். அந்தப் பூட்டின் பின் நம்பரை வீட்டில் போடத் தெரிந்த ஒரே ஆள் பெரும்பாலும் அந்த 14 வயதுப் பிள்ளைதான்! அதையும் விடுங்கள். முழுப் படத்தை யார் பார்க்கிறார்கள்? முத்தக் காட்சி மட்டும் முப்பது விநாடி ரீல்ஸாக வருகிறது, முன்னால் உள்ள தயக்கமும் இல்லை, பின்னால் உள்ள விளைவும் இல்லை, சான்றிதழும் இல்லை. இயக்குநர் நேர்மையாக மறுநாள் காலையை எடுத்திருந்தாலும் ரீல்ஸ்காரன் அதை வெட்டிவிடுவான் என்பது எனக்கும் தெரியும். அதற்காக எடுக்காமலே விட்டுவிடுவதா?

கடைசியாக, உங்களிடமே ஒரு கோரிக்கை. கோபப்படாதீர்கள். கடிதங்கள் வரும் பக்கத்தைத் திருப்பினால் சினிமா பக்கத்தில் அரைப் பக்கத்துக்கு நெருக்கமான ஸ்டில் இருக்கிறது. இன்னும் இரண்டு பக்கம் தள்ளினால் ஒரு மூலையில் 'பள்ளி மாணவியை ஆசை வார்த்தை கூறி கடத்திச் சென்ற வாலிபர் போக்சோவில் கைது' என்று நாலு வரிச் செய்தி. நான் இவ்வளவு நேரம் சொன்ன மறுநாள் காலை அந்த நாலு வரிக்குள்தான் கிடக்கிறது. அதில் தெருப் பெயர், எந்த வகுப்பு, அப்பா என்ன வேலை என்று எல்லாம் போட்டுவிடுகிறீர்கள், பெயர் மட்டும் போடவில்லை என்று திருப்தி. போக்சோ 23-ஆவது பிரிவு பெயரோடு நிற்கவில்லை. முகவரி, குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம், அடையாளம் காட்டும் எதுவும் வரக்கூடாது. வழக்கு முடிந்து அந்தப் பெண் திரும்பப் பள்ளிக்குப் போகும்போது, அந்தத் தெருவில் எல்லாரும் உங்கள் பத்திரிகை படித்திருப்பார்கள். அதை முதலில் நிறுத்துங்கள். இந்தக் கடிதம் நீளம் என்றால் இடையில் எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், இந்தக் கடைசிப் பத்தியை மட்டும் வெட்டாமல் போடுங்கள்.

இப்படிக்கு,
வழக்கறிஞர், உங்கள் வாசகி,
பெரம்பூர், சென்னை - 11.